பிள்ளைகள் குறைந்தும் கூட்டம் ஏன் குறையவில்லை?

பழைய சுகாதார நிலையச் சுவர்களில் சிவப்பு முக்கோணமும், பக்கத்தில் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாடு அந்தப் பேச்சைத் தட்டவில்லை. ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை இங்கே 1990-களிலேயே 2.1-க்கு இறங்கிவிட்டது, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 1.8. ஆனால் மக்கள்தொகை? 2001-ல் 6.24 கோடி, 2011-ல் 7.21 கோடி. பத்து வருஷத்தில் ஏறக்குறைய ஒரு கோடி கூடியிருக்கிறது.

அது என்ன 2.1 என்று கேட்கலாம். பெற்றோர் இருவரின் இடத்தை நிரப்ப இரண்டு பிள்ளைகள், சரி. ஆனால் இயற்கையிலேயே 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. பெண் குழந்தைகளிலும் சிலர் தாயாகும் வயதை எட்டாமலே இறந்துவிடுகிறார்கள். அந்தக் குறைக்குத்தான் இந்தச் சில்லறை.

இப்போது ஒரு காகிதத்தில் சின்னத் தெரு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டிமார் 40 பேர், அப்பா அம்மாக்கள் 70, பிள்ளைகள் 100. மொத்தம் 210. இன்றிலிருந்து ஜோடிக்கு இரண்டு பிள்ளைகள்தான், ஒன்றுகூட அதிகமில்லை என்று தெருவே முடிவு செய்கிறது. ஒரு தலைமுறை போகட்டும். அந்த 40 பெரியவர்கள் காலமாகிறார்கள். 70 பேர் தாத்தா பாட்டி ஆகிறார்கள். 100 பிள்ளைகள் கல்யாணம் கட்டி 100 பிள்ளைகள் பெறுகிறார்கள். கூட்டினால் 270. இன்னொரு தலைமுறை கழித்து 300. அதன்பிறகுதான் ஏற்றம் நிற்கிறது. யாரும் சொல் தவறவில்லை; பெற்றுக்கொள்ளும் வயதில் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். இதைத்தான் மக்கள்தொகை உந்தம் என்கிறார்கள். பிரேக் போட்ட பஸ் கொஞ்ச தூரம் ஓடித்தானே நிற்கும். ஆயுள் கூடியதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

ஆனால் மாநிலக் கணக்கு எப்போதும் ஒரு சராசரி. உள்ளே போனால் கதை மாறும். அதே பத்து வருஷத்தில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7.62 லட்சத்திலிருந்து 7.35 லட்சமாகக் குறைந்தது. அங்கே மட்டும் உந்தம் எங்கே போனது?

நீலகிரியின் எண்களில் பிறப்பு இறப்பை விட ஆள் வரவும் போக்கும்தான் பெரிதாகப் பேசுகின்றன. 1971-ல் அங்கே 4.94 லட்சம் பேர், 1981-ல் 6.30 லட்சம். இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு, இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு உண்டு. இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் பலர், தெரிந்த வேலை தேயிலைதான் என்று இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டங்கள் வந்தன. பிறகு 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. இளவட்டங்கள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்க ஆரம்பித்தார்கள். மாவட்டத்தில் 2001-ல் ஆயிரம் ஆண்களுக்கு 1,014 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 2011-ல் 1,042 ஆனது. கீழே இறங்கியவர்களில் ஆண்கள் அதிகம் என்பதற்கு இது ஒரு தடயம். அதே காலத்தில், கார் தொழிற்சாலைகளும் ஐடி கட்டடங்களும் எழுந்த காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்குப் போய்விட்டது.

ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். அவர்கள் போகும்போது, இனிமேல் பிறக்கவேண்டிய பிள்ளைகளையும் சேர்த்தே கூட்டிப் போகிறார்கள். அதனால் ஊருக்கு இரட்டை இழப்பு. போய்ச் சேரும் நகரத்துக்கு இரட்டை வரவு. 2019-21-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.0 பிள்ளைகள் இருந்த பீகாரிலிருந்து இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வருவதையும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

அப்புறம், உந்தம் எதிர்த்திசையிலும் ஓடும். நம் தெருவுக்கே திரும்புவோம். தலைமுறைக்கு 100 பேர், மொத்தம் 300. ஒரே ஒரு தலைமுறை மட்டும் 100 பிள்ளைகளுக்குப் பதில் 80 பெற்றது, தெரு 280. பயந்துபோய் அடுத்த தலைமுறை மறுபடி ஜோடிக்கு இரண்டு என்று பெற ஆரம்பிக்கிறது. ஆனால் பெறுவதற்கு இருப்பது 80 பேர்தான், பிறப்பதும் 80. தெரு 260. அதற்கடுத்து 240.