குளோரின் தண்ணீரும் குழந்தைப் பேறும்

மாரி மழை ஓய்ந்த கையோடு ஒரு தம்பி வந்தார். கையில் சோடாப் போத்தல் நிறையக் கிணற்றுத் தண்ணீர். வெள்ளம் வடிந்தபின் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குளோரின் போட்ட கிணறு. மூடியைத் திறந்து என்னை மணந்து பார்க்கச் சொன்னார். "டொக்டர், கலியாணம் முடிச்சு நாலு வருசம். பிள்ளை தங்காததுக்கு இந்தத் தண்ணிதான் காரணமோ?"

வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாத கேள்வி. உக்கிய இலைகுழைகள் கலந்த தண்ணீரில் குளோரின் சேர்ந்தால் குளோரோபோம் போன்ற ட்ரைஹலோமீதேன்களும் ஹலோஅசற்றிக் அமிலங்களும் என்று சில இரசாயனப் பொருட்கள் உண்டாகும். 1974 இலேயே ரொட்டர்டாமில் இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் கடல்நீர் ஏறிய உவர்க் கிணறுகளில் புரோமைட் என்ற உப்பும் இருக்கும். அங்கே குளோரின் போட்டால் புரோமின் சேர்ந்த வகைகள் கூடும். அவற்றில் ஒன்றான டைபுரோமோஅசற்றிக் அமிலம் ஆண் எலிகளின் விந்தணு உற்பத்தியைக் குழப்பியது உண்மை. ஆனால் எலிகளுக்குக் கொடுத்த அளவு, குடிதண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு. மனிதரில் முடிவுகள் ஒத்துவரவில்லை: சீனாவில் சில ஆய்வுகள் தொடர்பு இருப்பதாகச் சொல்ல, அமெரிக்க ஆய்வில் தெளிவாக எதுவும் தெரியவில்லை.

அதற்காகக் குளோரினை நிறுத்திவிடாதீர்கள். அது கொல்லும் கிருமிகளால் தண்ணீர் வழியே பரவும் நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்) எங்கள் ஊருக்குப் புதிதல்ல. குளோரின் போட முன்னம் கிணற்றை இறைத்துச் சேற்றையும் இலைகளையும் அள்ளுங்கள். கழிவு குறைந்தால் இந்த நச்சுகளும் குறையும். மணம் வரவில்லை என்று நீங்களாக இன்னொரு தரம் தூளைக் கொட்டவேண்டாம். குடிக்கிற தண்ணீரை மூடி போடாமல் நன்றாகக் கொதிக்க வையுங்கள். குளோரோபோம் 61 பாகையிலேயே ஆவியாகிவிடும், குசினி யன்னல் திறந்திருக்கட்டும்.

சரி, தம்பியிடம் வருவோம். "விந்துப் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்டேன். இல்லையாம். மனைவிக்கோ மூன்று ஸ்கானும் கணக்கில்லாத இரத்தப் பரிசோதனைகளும் முடிந்திருந்தன. மனம் கொதித்தது. நாலு வருசமாக ஊர் அந்தப் பெண்பிள்ளையைத்தானே கேட்டிருக்கும்! கணவருக்குத் தேவைப்பட்டது ஒரு சின்னப் போத்தலும் அரை மணி நேரமும்தான்.

சோதித்தபோது இடது விதைப்பையில் நாளம் புடைத்திருந்தது. சிகரெட்டும் நாளுக்கு ஒரு பெட்டி. விந்தணுவைப் பாதிக்கக்கூடிய இவைதான் தண்ணீருக்கு முதல் பார்க்கவேண்டியவை. ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் எடுக்கும். ஆகவே இன்றைக்கு ஒரு பரிசோதனை, சிகரெட்டை விட்டு மூன்று மாதம் கழித்து இன்னொன்று என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.