கட்டணம் கட்டியாகிவிட்டது, திறப்பது யார்?

உங்கள் கல்லூரி நூலகம் டிஜிட்டல் மயமாகிவிட்டதா என்று கேட்டால், பெரும்பாலான நிர்வாகங்கள் ஓர் அறையைக் காட்டும். குளிர்சாதன வசதி, வரிசையாகக் கணினிகள், வாசலில் 'டிஜிட்டல் நூலகம்' என்ற பலகை. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் குழு வரும் வாரத்தில் அந்த அறை பளபளக்கும். மற்ற நாட்களில் கணினிகள் உறைக்குள் தூங்கும். கல்லூரி நூலகரான எனக்கு அந்த அறையின்மேல் பகை எதுவும் இல்லை. ஆனால் இன்றைய மாணவர் படிப்பது அந்த அறையில் அல்ல, கைப்பேசியில். நாம் பணம் கட்டி வாங்கிய ஆய்விதழ்கள் அந்தக் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என்-லிஸ்ட் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் மின்னிதழ், மின்னூல் சந்தாத் திட்டம் இது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்து 5,900 ரூபாய். வெளிநாட்டு அச்சு ஆய்விதழ் ஒன்றின் சந்தாவுக்கே இந்தப் பணம் பெரும்பாலும் போதாது. இதற்கு 6,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களும் ஏறத்தாழ 2 லட்சம் மின்னூல்களும் கிடைக்கின்றன. பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு உண்டு. விடுதியில் இருந்தும் படிக்கலாம், சொந்த ஊரில் இருந்தும் படிக்கலாம்.

இவ்வளவும் இருந்தும் ஏன் பயன்படுத்துவதில்லை? மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று ஆசிரியர் அறையில் ஒரு பதில் தயாராக இருக்கும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் முகவரி.

மாணவர்களின் பெயர், துறை, மின்னஞ்சல் ஆகியவற்றை நூலகர் பட்டியலாக ஏற்றினால், கணக்கு விவரம் அந்த மின்னஞ்சலுக்குப் போகும். முதலாண்டு மாணவி கல்லூரியில் கொடுத்திருக்கும் முகவரி எங்கிருந்து வந்தது? சேர்க்கை விண்ணப்பம் போட்ட அன்று, பிரவுசிங் சென்டர் அண்ணன் அவசரமாக உருவாக்கிக் கொடுத்தது. பெயருக்குப் பின்னால் நான்கு எண்கள், கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும், அவரும் இந்நேரம் மறந்திருப்பார். சில சமயம் அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே முகவரி. அந்தப் பெட்டியை அவர்கள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. நாம் அனுப்பிய சாவி அங்கேயே கிடக்கிறது.

அதனால் நூலக அறிமுக வகுப்பை இப்போது வேறு மாதிரி நடத்துகிறேன். படக்காட்சி கிடையாது. எல்லோரும் கைப்பேசியை எடுங்கள், நீங்களே திறக்கும் மின்னஞ்சல் எது, அதைச் சொல்லுங்கள் என்பதில்தான் வகுப்பு தொடங்கும். முகவரிகளைத் திருத்தி ஏற்றிய பிறகு அதே வகுப்புக்கு மறுபடி போவேன். ஸ்பேம் பெட்டியில் தேடி, கடவுச்சொல்லை மாற்றி, தன் பாடத்தில் ஒரு கட்டுரையையாவது என் கண்முன் பதிவிறக்க வேண்டும். வேதியியல் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வணிகவியலில் கொஞ்சம் பொறுமை வேண்டும். நூலகர் வேலையா இது என்று சிலர் கேட்கிறார்கள். சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இன்று அந்த விதியின்படி செய்ய வேண்டிய முதல் வேலை கடவுச்சொல்லை மீட்டுத் தருவதுதான்.

நிர்வாகத்தினருக்கும் ஒரு சொல். கட்டண ரசீதைக் கோப்பில் வைப்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பேர் உள்நுழைந்தார்கள், எத்தனை கட்டுரைகள் பதிவிறங்கின என்ற பயன்பாட்டுக் கணக்கு நூலகரிடம் கிடைக்கும். துறைத்தலைவர் கூட்டத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

அரசுக் கல்லூரிகளிலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கதவு ஒன்று திறந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்; எல்சிவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உள்ளிட்ட 30 பதிப்பகங்கள்; ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மாவட்டத் தலைநகரில் உள்ள அரசுக் கலைக் கல்லூரி மாணவருக்கும் ஐஐடி மாணவருக்கும் ஒரே அலமாரி என்பது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் திட்டம் அரசு நிறுவனங்களை மட்டுமே கணக்கில் கொண்டு தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளில் படிப்பவர்கள் எவ்வளவு பேர் என்று நினைத்தால், இந்த எல்லைக்கோடு எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர்களுக்கு என்-லிஸ்ட் இருக்கிறது, கட்டணமில்லாத திறந்த அணுக்க இதழ்கள் இருக்கின்றன, கரக்பூர் ஐஐடி உருவாக்கிய தேசிய டிஜிட்டல் நூலகம் இருக்கிறது. கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி எழுதிக் கேட்டாலும் பலர் அனுப்பிவைக்கிறார்கள்.

சந்தா வழியாக வருவது நம் சொத்து அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சு இதழின் சந்தாவை நிறுத்தினால், அதுவரை வாங்கியவை பைண்டு செய்த தொகுதிகளாக அலமாரியில் இருக்கும். மின்னிதழில், ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, பழைய இதழ்களும் சேர்ந்தே மறைந்துவிடும். இன்னொன்று, ஆய்வு மாணவர்கள் கவனிக்க: ஓர் இதழின் எல்லாக் கட்டுரைகளையும் மென்பொருள் வைத்து ஒரே இரவில் இறக்காதீர்கள். பதிப்பகத்தின் கணினி அதை உடனே கண்டுபிடித்துவிடும். தடை விழுவது உங்கள் ஒருவருக்கு அல்ல. வளாகத்தின் ஐபி முகவரி முழுவதற்கும். மறுநாள் காலை முதல் தொலைபேசி என் மேசையில்தான் அடிக்கும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகள் வந்த பிறகு புதிதாக ஒரு வகைக் கோரிக்கை வருகிறது. ஒரு மேற்கோள் பட்டியலைக் காட்டி, இந்தக் கட்டுரைகள் எங்கும் கிடைக்கவில்லை, எடுத்துத் தாருங்கள் என்பார்கள். ஆசிரியர் பெயர் உண்மையானது, இதழின் பெயரும் உண்மையானது; அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு கட்டுரை இருக்கும். செயலி கற்பனையாகச் செய்து கொடுத்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை அதற்குரிய தளத்தில் இட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தரமான இதழ்களுக்கான தன் 'கேர்' பட்டியலை 2025-இல் கைவிட்ட பிறகு, இதழ் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுந்திருக்கிறது.

தமிழ்த்துறை ஆய்வாளர்களிடம் மட்டும் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் சேர்ந்திருக்கின்றன. தமிழ் ஆய்வேடுகளும் கணிசமாக உள்ளன. ஆனால் அவற்றுக்குள் ஒரு சொல்லைத் தேடினால் பல நேரங்களில் ஒன்றும் அகப்படாது. சில, அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்த வெறும் படங்கள். சில, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவதை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். கணினிக்குள் இருப்பது அதுதான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டிருந்தது. 'பாலை' என்று தேடும் மாணவர் கண்ணில், பாலைத் திணையைப் பற்றியே நானூறு பக்கம் எழுதிய ஆய்வேடுகூடப் படாது. கருத்துத்திருட்டைக் கண்டறியும் மென்பொருளுக்கும் அது தமிழே அல்ல. 10 சதவீதத்துக்குக் கீழே ஒப்புமை என்று வரும் சான்றிதழுக்கு அப்போது என்ன பொருள்?

எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் யூனிகோடு குறிமுறையைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது 2010-இல். இன்னமும் பாமினியிலும் வானவில்லிலும் ஆய்வேடு வருவதற்குக் காரணம் ஆய்வாளர் அல்ல; பல்கலைக்கழகத்துக்கு எதிர்த்தெருவில் இருக்கும் டிடிபி கடை. அங்கே தட்டச்சு செய்பவருக்கு விரல் பழகிய விசைப்பலகை அது, பக்க வடிவமைப்பு மென்பொருளும் பழையது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தமிழுக்கு நடுவே வரும் ஆங்கில நூற்பெயர்களையும் அவை தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். அடிக்குறிப்புகளில் ஆங்கிலம் நிறைந்த ஆய்வேட்டைத் திருத்தி முடிப்பதற்குள் வாய்மொழித் தேர்வே வந்துவிடும்.

கடையில் முதல் இயலைக் கொடுக்கும்போதே யூனிகோடில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அந்த இயல் வந்ததும் பிடிஎஃப் ஆக்கி, ஏதாவது ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அடுத்த இயலைக் கொடுக்கலாம். வராவிட்டால், நெறியாளரிடம் கையெழுத்துக்குப் போவதற்கு முன்பு கோப்போடு நூலகத்துக்கு வாருங்கள்.