பதினேழு புள்ளியில் ஒரு எட்டு

வங்கியில் பதிந்து தந்த பாஸ்புக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துகளில் கோடே இருக்காது, எல்லாம் புள்ளிகள். கடை வாசலில் ஓடும் எல்.இ.டி. பலகையும் இதே இனம்தான். இந்த இயந்திர எழுத்தின் சாயலில் செய்த எழுத்துருக்கள்தான் இன்று போஸ்டரிலும் போன் திரையிலும் அழகுக்காக வருகின்றன. அவற்றின் அழகு எங்கிருந்து வருகிறது என்று தெரிய, முதலில் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் ஒரு எழுத்துக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 5 புள்ளி, உயரத்தில் 7 புள்ளி. மொத்தம் 35. இதில் 8 என்ற எண்ணைப் போடுவோம். மேல் வரிசையில் நடு மூன்று புள்ளிகள். அடுத்த இரண்டு வரிசைகளில் இரு ஓரங்கள் மட்டும். நடு வரிசையில் மறுபடி மூன்று, அப்புறம் ஓரங்கள், கடைசியில் மூன்று. எண்ணினால் 17. இப்போது இடது ஓரத்தில் காலியாக இருக்கும் மூன்று இடங்களையும் நிரப்புங்கள். 8 போய் ஆங்கில 'பி' (B) வந்துவிடும். எண்ணா எழுத்தா என்பதை மூன்றே புள்ளிகள் முடிவு செய்கின்றன. பூஜ்யத்துக்கும் ஆங்கில 'ஓ'வுக்கும் அந்த வித்தியாசம்கூடக் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் பல இயந்திரங்கள் பூஜ்யத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு போட்டன.

அகலம் ஏன் 5? 'டி' (T), 'எம்', 'டபிள்யூ' போன்ற எழுத்துகளுக்கு நடுக்கோடு வேண்டும். அதற்கு ஒற்றைப்படை எண் தேவை. மூன்றில் 'எம்' நிற்காது, ஏழு என்றால் செலவு கூடும்.

உயரமும் இப்படித்தான். புள்ளி அச்சுப்பொறியின் தலையில் ஊசிகள் செங்குத்தாக அடுக்கியிருக்கும். தலை பக்கவாட்டில் நகர நகர, தேவையான ஊசிகள் மட்டும் மை நாடாவைக் குத்தும். ஏழு ஊசி இருந்தால் வாலுள்ள சிறிய ஆங்கில எழுத்துகளுக்குக் கீழே இடமில்லை, வாலைச் சுருக்கி மேலே தூக்கிவிடுவார்கள். 1980இல் வந்த எப்சன் எம்.எக்ஸ்-80க்கு ஒன்பது ஊசிகள், வாலும் சரியாகக் கீழே இறங்கியது. பிறகு வந்த அச்சுப்பொறிகள் ஒரே வரியின் மேல் இரண்டாம் முறை ஓடின. அரைப் புள்ளி தள்ளிக் குத்தி, இடைவெளிகளை மறைத்தன.

தமிழுக்கு இந்தக் கட்டம் போதாது. ப, ட இரண்டும் 35 இடத்துக்குள் சுகமாக அடங்கும். மூன்று சுழி ண அடங்காது. ஒரு சுழி சுழியாகத் தெரிய உள்ளே ஒரு காலி இடமும் சுற்றிலும் புள்ளிகளும் வேண்டும், அதற்கே அகலத்தில் மூன்று புள்ளி போய்விடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மேலே ஒரு வரிசை, அது எழுத்தோடு ஒட்டாமலிருக்க இன்னொரு காலி வரிசை. கு, மூ, ழ போன்றவற்றுக்குக் கீழேயும் இடம் விட வேண்டும். 16 வரிசைப் பலகையில்கூட எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது பத்துப் பதினொரு வரிசைதான்.

கடை வாசலில் ஓடும் அந்த எல்.இ.டி. பலகைகளில் பல பி10 (P10) வகை. ஒரு துண்டில் 32க்கு 16 என்று 512 விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 10 மில்லிமீட்டர். ஒற்றை நிறப் பலகைகளில் பொதுவாக எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. நான்கு வரிசைக்கு ஒன்றாக 128 விளக்குகள் எரிந்து அணையும், உடனே அடுத்த 128. இந்தச் சுற்று வேகமாக நடப்பதால் முழு எழுத்தும் நிலையாக எரிவதாகத் தோன்றுகிறது. கேமராவில் எடுத்தால் சில வரிசைகள் விடுபட்டிருப்பது இதனால்தான்.

புள்ளிகளைக் கோடாக்குவது நம் கண். கண்ணில் விழும் கோணத்தில் ஒரு பாகையை (டிகிரி) 60ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்குக்கும் கீழே இருப்பதைச் சாதாரண நல்ல பார்வையால் பிரித்தறிய முடியாது. 10 மில்லிமீட்டர் இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்குவது சுமார் 34 மீட்டர் தூரத்தில். அதற்குக் கிட்டே வந்தால் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும், ஆனாலும் எழுத்து கலைவதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது மூளையின் வழக்கம். 1928இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் சுமார் 14,800 பல்புகளால் தேர்தல் செய்தி ஓட்டியபோது கூட்டம் படித்ததும் இப்படித்தான்.

இன்றைய புள்ளி எழுத்துருவில் ஊசியும் இல்லை, பல்பும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் வழக்கமாக நான்கு வளைகோடுகளால் வரைந்த வட்டம். ஒரு புள்ளியை ஒருமுறை வரைந்து, அதையே 17 இடத்தில் வைத்தால் 8 தயார். அந்த ஒரு புள்ளியைப் பெரிதாக்கினால் எழுத்துரு முழுவதும் தடிக்கும், சதுரமாக்கினால் எல்லா எழுத்தும் முகம் மாறும்.

வளைவு அழகாக வரட்டும் என்று சிலர் புள்ளிகளைக் கட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. புள்ளி தன் இடத்தை விட்டு நகர முடியாமல் இருந்ததால்தான் 8க்கு அந்த முகம் வந்தது. இடத்தைத் தளர்த்தினால் மிஞ்சுவது ஓட்டை போட்ட சாதாரண எழுத்து. தமிழில் செய்பவர்கள் வேண்டுமானால் வரிசைகளைக் கூட்டிக்கொள்ளட்டும். 16 போதாதென்றால் 20 எடுக்கலாம், எடுத்த பிறகு ஒரு புள்ளியும் அதை மீறக் கூடாது.

பயன்படுத்துபவர்களுக்கும் ஒன்று. இது தலைப்புக்கான எழுத்து, பத்திக்கு ஆகாது. ஏழு வரிசை எழுத்தைத் திரையில் 14 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கினால் ஒரு வரிசைக்கு 2 பிக்சல்தான். இடைவெளி ஒரு பிக்சலுக்கும் கீழே போய் எழுத்து சாம்பல் கறையாகிவிடும். வரிசைக்கு 4 பிக்சலாவது கொடுங்கள். தமிழ் என்றால், 16 வரிசைக்கு 64 பிக்சல்.