2013-இல் ரூபாய் ஏன் சரிந்தது?

ரூபாய் சரிவின் வேர் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையில் இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் இறக்குமதியில் ஏற்றுமதியைக் கழித்தால் வருவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கணக்கு. இந்தியாவின் 2012–13 கணக்கைப் பாருங்கள். சரக்கு வாணிபத்தில் துண்டு விழுந்தது சுமார் 19,600 கோடி டாலர். மென்பொருள் முதலான சேவைகளில் 6,500 கோடி மிஞ்சியது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் ஊருக்கு அனுப்பியது, நிகரமாக 6,400 கோடி. வட்டி, லாபப் பங்கு என்று 2,100 கோடி வெளியே போனது. கூட்டிக் கழித்தால் 8,800 கோடி டாலர் பள்ளம். நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம்.

அந்த ஆண்டு பள்ளம் நிரம்பவே செய்தது. எந்தப் பணத்தால் என்பதில்தான் வினை இருந்தது. தொழிற்சாலை கட்ட வந்த டாலர் இரவோடிரவாகக் கிளம்பிவிடாது. பங்கிலும் கடன்பத்திரத்திலும் வந்தது கிளம்பும். 2013 மே 22-இல், கடன்பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி கோடிகாட்டினார். அங்கே வட்டி ஏறியது. இங்கே கடன்பத்திரங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். மே தொடக்கத்தில் 54 ரூபாய்க்குக் கிடைத்த டாலர், ஆகஸ்ட் 28-இல் 68-ஐத் தாண்டியது. 100 டாலர் விலையுள்ள ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 5,400 ரூபாயிலிருந்து 6,800 ஆகிவிடும். விலை ஏறினால் இறக்குமதி குறையும் என்பது பாடப்புத்தகம். லாரிக்கு டீசல் வேண்டுமே!

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் சந்தையில் போட்டி போடாமல் இருக்க, ரிசர்வ் வங்கி அவற்றுக்குத் தனியாக டாலர் கொடுத்தது. வெளிநாட்டு இந்தியர்களின் மூன்றாண்டு டாலர் வைப்புகளுக்கு, ஆண்டுக்கு 3.5 சதவீத நிலையான செலவில் நாணய மாற்றுக் காப்பு, அதாவது முன்கூட்டியே பேசிய விலையில் பிறகு டாலர் தரும் உறுதி, தந்தது. வைப்பு வாங்கிய வங்கிகளுக்கு ரூபாய் சரிவு பற்றிய பயம் போனது. நவம்பர் முடிவதற்குள் 2,600 கோடி டாலர் சேர்ந்தது. கடன்தான், 2016-இல் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

தங்கத்தின் மீது அடி பலமாக விழுந்தது. இறக்குமதி வரி 2013 ஜனவரியில் 4-லிருந்து 6, ஜூனில் 8, ஆகஸ்டில் 10 சதவீதம். இறக்குமதியாகும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதி நகைக்கென்று ஒதுக்க வேண்டியிருந்தது. 2013–14-இல் பற்றாக்குறை 1.7 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆனால் சென்னை, திருச்சி விமான நிலையங்களில் சுங்க அதிகாரிகளுக்கு வேலை கூடியது. கடத்தி வரும் தங்கம் இறக்குமதிக் கணக்கில் ஏறாது. அதற்கான டாலரை, வங்கி வழியே ஊருக்கு வரவேண்டிய பணத்தை ஹவாலாவில் திருப்பித்தான் பெரும்பாலும் புரட்டுவார்கள்.