அப்டேட்டை எத்தனை நாள் தள்ளிப்போடலாம்?

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை மொத்தமாக வெளியிடுகிறது. மறுநாளுக்குப் பாதுகாப்புத் துறையினர் வைத்திருக்கும் பெயர் 'எக்ஸ்ப்ளாயிட் வெட்னஸ்டே'. ஓட்டைக்குள் புகும் புதன்கிழமை.

ஓட்டையை அடைத்த பிறகு எப்படிப் புகுவார்கள்? திருத்தம் வெளியானதும் பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, எது மாறியிருக்கிறது என்று காட்டும் கருவிகள் இருக்கின்றன. வந்து சேரும் தரவின் நீளத்தைச் சோதிக்கும் கட்டளை ஒன்று புதிதாக முளைத்திருந்தால், அதுவரை அந்தச் சோதனை இல்லை என்று அர்த்தம். அளவுக்கு மீறிய தரவை அனுப்பினால் அது நினைவகத்தில் வழிந்து பக்கத்துப் பகுதியை அழித்து எழுதும். இவ்வளவு தெரிந்தால் போதும், அப்டேட் செய்யாத கணினிகளைத் தேடிப் புறப்பட்டுவிடலாம். அதாவது திருத்தம் வெளியான நாளிலிருந்து பழைய பதிப்பின் ஆபத்து முன்பைவிடக் கூடுகிறது.

2017இல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது இந்த ஒப்பீட்டுக்குக்கூட வேலை இருக்கவில்லை. மார்ச் 14 அன்று திருத்தம் வந்தது. ஏப்ரலில் தாக்கும் நிரலே இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் முடங்கின. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் வீணாய்ப் போயிருந்தது.

சரி, எல்லாவற்றையும் வந்த அன்றே போட்டுவிடலாமா? 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சிலரது கோப்புகளையே அழித்தது. அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டார்கள். 2024இல் எக்ஸ்இஸட் என்ற லினக்ஸ் கருவியின் புதிய பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது அம்பலமானது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது நுழைந்துவிட்டது, நிலையான பதிப்பு தப்பியது. அங்கே மென்பொருளைப் பழையதாகவே வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் அதில் ஒட்டவைப்பது வழக்கம்.

எனக்கு இந்த டெபியன் வழிதான் சரியாகப் படுகிறது. பாதுகாப்புத் திருத்தத்துக்கு ஓரிரு நாள், மிஞ்சினால் ஒரு வாரம். புது வசதிகளோடு வரும் பெரிய அப்டேட் ஒரு மாதம் காத்திருக்கட்டும். அதற்குள் அவசரக்காரர்கள் அதைச் சோதித்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்களின் நிரலை நாள் முழுக்க இயக்குவது பிரவுசர் என்பதால் அதற்கு மட்டும் தவணையே கிடையாது. அப்புறம், பிரவுசர் தானாகவே அப்டேட்டை இறக்கி வைத்திருந்தாலும், மூடித் திறக்கும்வரை ஓடுவது பழைய பதிப்புதான். வாரக்கணக்கில் ஐம்பது டேப்களைத் திறந்தே வைத்திருப்பவர்கள் கவனிக்க.