கில் -9 அடித்தும் சாகாத திரெட்

மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் லினக்ஸில் ஓடும் சோதனை இயந்திரங்களுக்கு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதுகிறவர்கள், பராமரிக்கிறவர்கள் கவனத்துக்கு.

டிரைவர் தொங்கினால் ஷிஃப்டில் இருப்பவர் உடனே அடிப்பது கில் -9, அதாவது ஓடும் நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை. ஓடுபவற்றைக் காட்டும் பிஎஸ் கட்டளையின் பட்டியலில் பெயர் சதுர அடைப்புக்குள் இருந்தால் அது பெரும்பாலும் கெர்னல் திரெட், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே ஓடும் வேலை; அங்கே இந்தக் கட்டளை பலிக்காது. கில் அனுப்புவது உட்பட எல்லாச் சிக்னல்களையும் புறக்கணிக்கும் நிலையில்தான் அது பிறக்கிறது. அலோ_சிக்னல் போட்டு அனுமதித்தாலும் கெர்னல் தானாக அதைக் கொல்லாது, சிக்னல் வந்ததாகக் குறி மட்டும் விழும். அதைப் பார்த்து வெளியேற வேண்டியது நீங்கள் எழுதிய நிரல். குறியைத் துடைக்காமல் லூப்பைத் தொடர்ந்தால் நிகழ்வு வரும்வரை தூங்கவைக்க வேண்டிய வெயிட்_ஈவென்ட்_இன்டரப்டிபிள் தூங்காமலே திரும்பும், பிராசஸரின் ஒரு கோர் 100% சுற்றும். கட்டாயத் தேவை இல்லாதவரை சிக்னல் பக்கமே போகாதீர்கள்.

நிறுத்தும் முறை கேத்ரெட்_ஸ்டாப் என்ற கெர்னல் ஃபங்ஷன். 'நிறுத்து' என்ற கொடியை ஏற்றும், திரெட்டை எழுப்பும், அது முடியும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்குக் காலவரம்பு கிடையாது. திரெட் வெளியேறாவிட்டால், டிரைவர் மோடியூலை கெர்னலிலிருந்து இறக்கும் ஆர்எம்மோட் கட்டளை 'டி' நிலையில் (சிக்னலால் எழுப்ப முடியாத தூக்கம்) மாட்டிக்கொள்ளும், அதையும் கில் பண்ண முடியாது, மிஞ்சுவது ரீபூட்தான்.

ஏன் வெளியேறாது? பெரும்பாலும் வரிசைக் கோளாறு. கொடி ஏறியதா என்று சொல்லும் கேத்ரெட்_ஷுட்_ஸ்டாப்பைப் பார்த்துவிட்டு, பிறகு நிலையை டாஸ்க்_இன்டரப்டிபிள் (தூங்கும் நிலை) ஆக்கி, உண்மையில் தூங்கப்போக ஷெட்யூல் அழைக்கிறார்கள். பார்த்ததற்கும் நிலை மாற்றியதற்கும் இடையே எழுப்பல் வந்தால் அது வீண். கொடி ஏறியிருந்தும் திரெட் தூங்கப் போய்விடும். முதலில் நிலையை மாற்றுங்கள், பிறகு கொடியைப் பாருங்கள், ஏறாவிட்டால் மட்டும் ஷெட்யூல். கொடி ஏறியிருந்தால் நிலையை டாஸ்க்_ரன்னிங் (ஓடும் நிலை) ஆக்கிவிட்டு வெளியேறுங்கள். வெயிட்_ஈவென்ட் வகை மேக்ரோவானால் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். நிபந்தனைக்குள் கேத்ரெட்_ஷுட்_ஸ்டாப்பையும் சேர்க்க மறக்காதீர்கள்.

திரெட்டுக்குள் எம்ஸ்லீப் 30000 (30000 மில்லிவிநாடி தூக்கம்) போட்டிருந்தால் ஆர்எம்மோட் 30 விநாடி வரை காத்துக் கிடக்கும், இடையில் எழுப்ப முடியாது. திரெட் கேட்கும் அதே மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டே கேத்ரெட்_ஸ்டாப் அழைத்தால் இருவருமே நகரமாட்டார்கள்.

பிழை கண்டு திரெட் தானாகவே முன்கூட்டி முடிந்துவிடுவது இன்னும் மோசம். பிறகு வரும் கேத்ரெட்_ஸ்டாப், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடலாம். உருவாக்கியதும், ஓட விடும் முன், திரெட்டின் விவர நினைவகம் விடுபடாமல் பிடித்துவைக்க கெட்_டாஸ்க்_ஸ்ட்ரக்ட் எடுத்துவையுங்கள், நிறுத்திய பின் புட்_டாஸ்க்_ஸ்ட்ரக்ட்டால் விட்டுவிடுங்கள். அல்லது பிழை வந்தாலும் கொடி ஏறும்வரை திரெட்டைத் தூங்கவையுங்கள்.

மோடியூலை இறக்கும்போது முதலில் இன்டரப்டையும் டைமரையும் நிறுத்தி, பிறகு திரெட்டை, கடைசியில் பஃபரை விடுவியுங்கள். லாக்டெப் (பூட்டுப் பிழை காட்டுவது), கேசான் (நினைவகப் பிழை காட்டுவது) இரண்டும் இயக்கிய கெர்னலில், இயந்திரம் சுமையோடு ஓடும்போதே மோடியூலை ஏற்றும் இன்ஸ்மோட், இறக்கும் ஆர்எம்மோட் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும் இயந்திரத்தில் இந்தப் பிழைகள் தலைகாட்டுவது அபூர்வம்.