அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் திட்டங்கள்: இடம் பங்கிடும் விதியில் வருமானத்தின் பங்கு

அமெரிக்காவில் ஒரு பிள்ளை எந்த அரசுப் பள்ளியில் சேரும் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரியே முடிவு செய்கிறது. நல்ல பெயர் எடுத்த பள்ளியின் சுற்றுவட்டாரத்தில் வீட்டு விலையும் வாடகையும் ஏறிவிடுவதால், கட்டணமே இல்லாத பள்ளிக்கும் மறைமுகமாக ஒரு விலை வந்துவிடுகிறது. முகவரியின் பிடியைத் தளர்த்துவதற்காகச் சில நகரங்கள், பெற்றோரே பள்ளிகளை விருப்ப வரிசைப்படி எழுதிக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தன. ஆனால், விருப்பத்தை மட்டும் கேட்டுவிட்டு மற்றதை அதன் போக்கில் விட்டால், விவரம் அறிந்த, வசதியுள்ள குடும்பங்கள் ஒரு சில பள்ளிகளிலேயே சென்று குவிந்துவிடும்.

இதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரம் கண்ட வழி 'கட்டுப்படுத்தப்பட்ட தேர்வு' எனப்படுகிறது. 1981-இல் வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் தொடங்கிய இந்த முறை, 2000-களின் தொடக்கத்தில் குடும்ப வருமானத்தை முதன்மை அளவுகோலாக ஏற்றது. பின்னர் 2007-இல் சியாட்டில், லூயிவில் நகரங்களின் பள்ளிச் சேர்க்கைத் திட்டங்கள் பற்றிய வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனிப்பட்ட மாணவரின் இனத்தை வைத்து இடம் ஒதுக்கிய அவ்விரு திட்டங்களையும் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் நிராகரித்தபோது, வருமானத்தை அளவுகோலாகக் கொள்ளும் வழி மற்ற பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களின்) கவனத்தையும் ஈர்த்தது.

கேம்பிரிட்ஜின் நடைமுறையில், இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர்கள் ஒரு பிரிவாகவும், ஏனையோர் இன்னொரு பிரிவாகவும் கொள்ளப்படுகின்றனர். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் உணவு இலவசம். 185 சதவீதம் வரை குறைந்த விலை. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பிரிவினரின் விகிதம், மாவட்டச் சராசரியிலிருந்து 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும் என்பது இலக்கு. மாவட்டச் சராசரி 40 என்று வைத்துக்கொண்டால், எந்தப் பள்ளியிலும் அது 30-க்கும் 50-க்கும் இடையில் அமைய வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே படிக்கும் பள்ளி, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி என்பவற்றுக்கும் முன்னுரிமை உண்டு. எஞ்சியதைக் குலுக்கல் முடிவு செய்கிறது.

மதிய உணவுத் தகுதி கச்சிதமான அளவுகோல் அன்று. வரம்புக்குச் சற்று மேலே இருக்கும் குடும்பமும் பெருஞ்செல்வக் குடும்பமும் அதில் ஒரே பிரிவில் சேர்ந்துவிடுகின்றன. மேலும், 2010-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஏழை மாணவர் மிகுந்த பள்ளிகள் விண்ணப்பம் கேட்காமலே அனைவருக்கும் இலவச உணவு வழங்கலாம். பசிக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் வருமான விவரம் பதிவாகாமல் போவதால் கணக்கு மங்கிவிடுகிறது.

விருப்பப் பட்டியலை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதும் நியாயத்தைத் தீர்மானிக்கும். பாஸ்டன் நகரின் பழைய முறையில், ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் தரப்பட்டது. போட்டி மிகுந்த பள்ளியை உண்மையாகவே விரும்பி முதலில் எழுதி, அங்கே இடம் கிடைக்காமல் போனால், இரண்டாவதாக எழுதிய பள்ளியும் அதற்குள் நிரம்பியிருக்கும். இதை உணர்ந்த பெற்றோர் கூடிப் பேசி, எதை முதலில் எழுதுவது லாபம் என்று கணக்குப் போட்டனர். அத்தகைய தொடர்புகள் இல்லாத பெற்றோர் உண்மை விருப்பத்தை எழுதி ஏமாந்தனர். 2005-இல் பாஸ்டன் இந்த முறையைக் கைவிட்டது. கணித அறிஞர்கள் டேவிட் கேல், லாயிட் ஷாப்ளி ஆகியோர் 1962-இல் வகுத்த கணித முறையைத் தழுவிய புதிய ஏற்பாட்டில், இறுதி வரை எந்த இடமும் தற்காலிகமானதே; ஒரு பள்ளியை இரண்டாவதாக எழுதியவருக்கு முன்னுரிமை அதிகம் இருந்தால், முன்பே அங்கே இடம் பெற்றவரின் இடம் அவருக்குப் போகும். ஆகவே உண்மையான விருப்பத்தை எழுதுவதால் எவருக்கும் நட்டமில்லை.

கணித முறை சீரானாலும், பிள்ளை தினமும் பள்ளிக்குப் போய்வர வழி வேண்டும். கார் இல்லாத குடும்பத்துக்கு, இலவசப் பேருந்து போகாத பள்ளி பட்டியலில் இருந்தும் இல்லாததே. என் பார்வையில், ஒரு திட்டத்தை எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டியது பேருந்தைப் பற்றி. அடுத்தது பதிவுக் காலக்கெடுவைப் பற்றி. வாடகை வீடு மாறி மாறி வரும் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் சுற்று முடிந்த பிறகே பதிவு செய்ய வருவதால், அவர்களுக்கென்று சில இடங்களை நிரப்பாமல் வைக்காத மாவட்டத்தில், வருமான ஒதுக்கீடு இருந்தும் யாரும் கேட்காத பள்ளிகளே அவர்களுக்கு மிஞ்சுகின்றன.